கடி அச்சு

வாடை ஓய்ந்து பன்னிரண்டு நாள்.
கச்சான் இன்னும் எழும்பவில்லை.
இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற இந்தக் கொஞ்ச நாளுக்கு
நஜிமுதீன் வைத்த பெயர் வாய்மூடிக் காலம்.
ஒல்லாந்தர் குடாவில் கடல்
எண்ணெய் தேய்த்துப் படுத்திருக்கிறது.
மார்கழியில் மகாவலி கொண்டுவந்து கொட்டிய கலங்கலெல்லாம்
எங்கேயோ அடியில் உறங்கிவிட்டது.
இரண்டு பாக ஆழத்தில் கிடக்கும் செருப்பின்
வார் அறுந்திருப்பதுகூடத் தெரிகிறது.

தெளிந்த தண்ணீர் நல்லது என்பீர்கள்.
எனக்குத் தெரிவது பாரைக்கும் தெரியுமே.

நான் ஆஸ்பத்திரியில் பல் கட்டுகிறவன்.
வேலை முடிந்து கிண்ணத்தில் மிஞ்சும் அக்ரிலிக்கை
வெள்ளிக்கிழமைகளில் இன்னொரு அச்சில் ஊற்றுகிறேன்.
ஆறங்குலச் சூடை மீன்.
வயிற்றுக்கு பி-ஒன்று,
கலியாணத்துக்கு முதல் மாதம் வருகிறவர்கள் கேட்கும் வெள்ளை.
முதுகுக்கு மகளின் நீல நகப்பூச்சு
(அவளுக்குத் தெரியாது).
உள்ளே இரண்டு ஈயக் குண்டு.
ஆட்டினால், தூக்கத்தில் யாரோ பல்லை நறுமுகிற சத்தம்.

நஜிமுதீனின் பெட்டி மச்சான் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது.
பொப்பர், ஜிக், வயிற்றில் கண்ணாடி பதித்த மினோ.
ஒன்று தொலைந்தால் ஆட்டோவுக்கு ஒரு டயர் தொலைந்த மாதிரி,
அதனால் பாறைப் பக்கம் எறியவே மாட்டான்.
"கட்டுப்பல்லுக்கு மீன் பிடிபட்டதாய்
கிண்ணியாவில் ஒரு கதையும் இல்லை, மச்சான்."

ஐந்தே முக்கால்.
கோட்டை மான்கள் இரண்டு புல்வெளியில் நின்று
எங்களை ஏதோ வேலையற்றவர்கள் மாதிரி பார்த்தன.
ஆலாக்கள் விழத் தொடங்கின.
அவற்றுக்குக் கீழே சூடை,
கூரைத் தகரத்தில் மழை விழுகிற மாதிரிக் கொதித்தது.

எறிந்தேன். இழுத்தேன். நிறுத்தி இழுத்தேன்.
பின்னாலேயே வந்தது ஒரு பாரை,
கறிச்சட்டி அகலம்.
என் கால்விரல் வரைக்கும் வந்து
ஒரு முழம் தள்ளி நின்றது.
பிணைக்கு ஆளில்லாமல் கடன் கேட்டவனை
வங்கியில் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.
போய்விட்டது.
பிறகு நாற்பது எறிவு.
நீலம், பச்சை, வெள்ளிக் கடதாசி ஒட்டியது.
நஜிமுதீனுக்கும் ஒன்றுமில்லை. அதில் எனக்கு ஒரு ஆறுதல்.

"தண்ணீரில் ஒரு சுருக்கம் விழவேணும்," என்றான்.
ஆறரைக்கு விழுந்தது.
கிழக்கிலிருந்து ஒரு மூச்சு, அவ்வளவுதான்,
கண்ணாடி பொருக்காயிற்று.
பெட்டியின் மூலையில் பழுதான ஒன்று கிடந்தது:
முரசுக்குக் குழைத்த சிவப்பு தவறிக் கலந்து,
நிறம் பூசாமல், வால் உடைந்து,
சூடையும் இல்லை பல்லும் இல்லை.
அதை எறிந்தேன். வேகமாகச் சுற்றினேன்,
வெட்கப்பட்டு ஓடுகிற வேகத்தில்.

அடி.
தங்கூசி ஊளையிட்டுப் போனது.
நஜிமுதீன் கத்தியது ஞாபகம், என்னவென்று ஞாபகமில்லை.
பிறகு கை வெறுமையாயிற்று.

முள் நிமிர்ந்துபோய்த் திரும்பி வந்தது என் சிவப்புப் பொய்.
உடம்பு முழுக்கக் கடி.
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.
மேல்தாடை ஒடுக்கம்.
முன்னால் இரண்டு நீளம், உள்நோக்கிச் சாய்வு.
கீழே இடப்பக்கம் ஒன்று இல்லை.
"சீலா," என்றேன்.
"எத்தனை கிலோ?"
"அது தெரியாது. பல் நல்ல பல்."

திங்கட்கிழமை. முதல் ஆள்
திருக்கடலூர் ஞானசீலன், மீன் ஏலம் கூறுகிறவர்.
சூடான மெழுகை வாயில் வைத்து,
"கடியுங்கள்," என்கிறேன். "இன்னும் அழுத்தி."
ஜன்னல் திரை திடீரென்று உப்புகிறது.
மேசையில் பிளாஸ்டர் மாவு பறக்கிறது.
"காற்று எந்தப் பக்கம்?"
பேச முடியாது அவருக்கு.
மெழுகைக் கவ்வியபடியே கையை நீட்டிக்
காட்டுகிறார், மேற்கே.